செல்பு ரோஜாவா, தாத்தாவின் சட்டையா? நார்வே வழிக் குடும்பத்துக்கு ஒரு நவீன குவில்ட்

வரும் செப்டம்பரில் எங்கள் மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அவளோடு என் கையால் தைத்த ஒரு குவில்ட்டும் போக வேண்டும். துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி செய்து, அடித்துணிக்கும் அதற்கும் நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். தையல் எனக்குப் பழகிய வேலை. எந்த வடிவத்தில் தைப்பது என்பதில்தான் வீட்டில் பல வாரங்களாகப் பேச்சு நடக்கிறது.

மகளின் தந்தை வழி நார்வேயிலிருந்து மினசோட்டாவுக்கு வந்த குடும்பம். என் கணவரின் கொள்ளுப்பாட்டி டிரோண்ட்ஹெய்ம் நகருக்குத் தென்கிழக்கே உள்ள செல்பு என்ற ஊரிலிருந்து கப்பலேறியவர். அந்த வழியை நினைவூட்டும் போர்வை வேண்டும். அதே சமயம் 18 வயதுப் பெண் ஆசையாகத் தன் கட்டிலில் விரித்துக்கொள்ளும்படி, இன்றைய வீட்டுக்குப் பொருந்தும் ஸ்காண்டிநேவிய எளிமையும் அதில் இருக்க வேண்டும். மாமியாரிடம் இருப்பவை மூன்று: கறுப்பு வெள்ளைக் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி, ஹார்டாங்கர் பூவேலை செய்த லினன் மேசை விரிப்பு ஒன்று, மாமனார் விட்டுச்சென்ற சட்டைகள் ஒரு பெட்டி நிறைய.

நிபந்தனைகளும் உண்டு. விடுதிக் கட்டில் 39 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்ட நீளக் கட்டில். அங்கே துணி துவைப்பது பொது இயந்திரத்தில்தான். வெந்நீரா தண்ணீரா என்று யாரும் பார்த்துப் போடப்போவதில்லை. கோடை முடிவதற்குள் வேலை முடிய வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்று: அந்தப் போர்வையில் இருக்கும் எதைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டாலும், மகள் தன் குடும்பத்திலிருந்தே பதில் சொல்ல முடிய வேண்டும்.

எது உண்மையில் அவர்களுடையது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நார்வேயின் பழைய கட்டில்களில் நாம் இன்று குவில்ட் என்று நினைக்கும் துண்டுத்துணிப் போர்வை முதலிடம் பிடித்ததில்லை. அங்கே இருந்தவை வேறு. ஷின்ஃபெல் என்பது செம்மறித் தோல் போர்வை. மயிர்ப்பக்கம் உடலின் மேல் படும், வெளியே தெரியும் தோல்பக்கத்தில் மர அச்சுகளால் உருவங்கள் குத்தியிருப்பார்கள். ஓக்லே என்பது தடித்த கம்பளி நூலில் நெய்த வண்ண விரிப்பு. கட்டிலுக்கும் சுவருக்கும் மட்டுமல்ல, திருமணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும், கடைசியில் சவப்பெட்டியின் மேல் போர்த்தவும் அதுதான்.

1825 ஜூலையில் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ரெஸ்டாரேஷன் என்ற சிறு கப்பல் புறப்பட்டு அக்டோபரில் நியூயார்க் சேர்ந்தது. அதிலிருந்து தொடங்கி அடுத்த நூறு ஆண்டுகளில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட நார்வேக்காரர்கள் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெருவாரியாக அவர்கள் குடியேறிய அயோவா, விஸ்கான்சின், மினசோட்டா, டகோட்டா சமவெளிகளில் துண்டு இணைத்துத் தைப்பது ஏற்கெனவே ஊர்ப் பெண்கள் கூடிச் செய்யும் வேலையாக இருந்தது. தீவன மூட்டைத் துணி, தேய்ந்த கம்பளிக் கோட்டு, பழைய சட்டை என்று கிடைத்ததை வெட்டிப் போர்வையாக்கும் முறையை நார்வேப் பெண்களும் கைக்கொண்டார்கள். அயோவாவின் டெக்கோரா நகரில் 1877-இல் தொடங்கிய வெஸ்டர்ஹெய்ம் அருங்காட்சியகத்துக்குப் போனால், கடல் தாண்டி வந்த பெட்டிகள், ஓக்லேக்களோடு, இங்கே வந்தபின் உருவான கைவேலைகளையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

ஆகவே என் கணவர் குடும்பத்தின் மரபில் குவில்ட் என்பது அமெரிக்கப் பாதி. அதில் எந்த உருவத்தை வைக்கிறோம் என்பது நார்வேப் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் குடும்பத்தின் கதை முழுமையாகும். இதை மனத்தில் வைத்தே தெரிவுகளை எடை போடுகிறேன்.

இன்னொன்று: ஸ்காண்டிநேவிய வடிவமைப்பு என்றதும் வெள்ளைச் சுவர், சாம்பல் நிறச் சோபா, வெளிர் மரம் என்று ஒரு படம் எல்லோர் மனத்திலும் வந்துவிடுகிறது. 1954 முதல் 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகச் சென்ற 'டிசைன் இன் ஸ்காண்டிநேவியா' கண்காட்சி அந்தப் பெயரை இந்தக் கண்டத்தில் புகழாக்கியது. அதற்குப்பின் கடைகள் அந்தப் படத்தை மேலும் மேலும் வெளிறச் செய்துவிட்டன. ஓக்லேக்களின் சிவப்பையும் கருநீலத்தையும் மஞ்சளையும் பார்த்தவர்கள் அந்தச் சாம்பலை நம்ப மாட்டார்கள். வண்ணத்துக்குப் பயப்படத் தேவையில்லை. எளிமை என்பது நிறத்தை வடிகட்டுவதில் இல்லை, உருவங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில் இருக்கிறது.

அச்சிட்ட துணி வாங்கித் தைப்பது

மிக வேகமான வழி இதுதான். பின்லாந்தின் மரிமெக்கோ நிறுவனம் 1951-இல் தொடங்கியது. பூ உருவங்கள் வேண்டாம் என்று அதன் நிறுவனர் ஆர்மி ராட்டியா சொல்லியிருந்தும், மைய்யா இசோலா 1964-இல் வரைந்த பாப்பிப் பூ அச்சான உனிக்கோ இன்றும் விற்கிறது. சுவீடனில் எஸ்ட்ரிட் எரிக்ஸன் 1924-இல் தொடங்கிய ஸ்வென்ஸ்க்ட் டென் கடைக்காக யோசெஃப் ஃபிராங்க் வரைந்த தாவர உருவங்கள் லினனில் கிடைக்கின்றன. அவர் ஆஸ்திரியாவில் பிறந்து 1930-களில் சுவீடனுக்குக் குடியேறியவர். இவற்றில் ஒரே துணியை வெட்டாமல் மேல்துணியாக வைத்து, நேர்கோடுகளாகத் தைத்துவிட்டால் ஓரிரு வாரத்தில் கண்ணைப் பறிக்கும் போர்வை தயார்.

இந்தத் துணிகளின் அழகில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் மரிமெக்கோவும் ஸ்வென்ஸ்க்ட் டென்னும் விற்பவற்றில் பெரும்பகுதி திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்குமான கனத்தில் வருபவை. பஞ்சும் அடித்துணியும் சேர்ந்தால் போர்வை விறைப்பாகிவிடும்; லினன் பொது இயந்திரத்தில் சுருங்கும். எனக்கு அதைவிடப் பெரிய தடை, செல்புவில் பிறந்த ஒரு பெண்ணின் நினைவுக்கு பின்லாந்தின் பாப்பியை வைப்பது. கணிசமான தொலைவு அது. பின்லாந்துக் குடும்பத்தில் மருமகளாக வந்திருந்து, மாமியார் வீட்டுச் சமையலறையில் 1960-களில் அந்தத் திரைச்சீலைதான் தொங்கியது என்றால், நான் வேறு எதையும் யோசிக்காமல் உனிக்கோவையே வாங்கியிருப்பேன். அப்போது அது கடைச்சரக்காக இருக்காது.

இதே காரணத்தால் தாலா குதிரையையும் ஒதுக்குகிறேன். குதிரை வடிவை வெட்டி ஒட்டுவேலையாகத் தைப்பது சுலபம், குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அது சுவீடனின் தாலர்னா மாகாணத்து மரப் பொம்மை; 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் சுவீடன் அரங்கில் நின்றபின் உலகம் முழுவதும் பரவியது. நார்வேக் குடும்பத்துக்கு அதை வைப்பது, வடக்கத்திய நாடுகளெல்லாம் ஒன்றுதான் என்று சொல்வதாகிவிடும். தமிழர்களான நமக்கு இந்த வருத்தம் புரியும்.

ஓக்லேயை ஒட்டிய சதுரக் கட்டம்

இது எனக்கு மிகவும் பிடித்த வழி. முதலிடத்துக்கு மிக அருகில் வந்து நின்றதும் இதுதான்.

மேற்கு நார்வேயின் ஹார்டாங்கர், சோக்ன் பகுதிகளில் ரூட்டே ஓக்லே என்ற வகை உண்டு. தறியில் கட்டம் கட்டமாக நெய்வதால் அதன் உருவங்கள் எல்லாம் படிக்கட்டு விளிம்பு கொண்டவை: படிப்படியாக விரியும் சாய்சதுரம், சிலுவை, அவற்றுக்குள் சின்னச் சதுரங்கள். நெசவின் அந்தக் கட்டம் அப்படியே துண்டுத்துணிக்கு மாறிவிடுகிறது. முக்கோணம் தேவையில்லை, வளைவு தேவையில்லை. சதுரமும் நேர்தையலும் போதும். முதல் குவில்ட் தைப்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வழி இதுவே.

நவீனமாக்குவதும் கடினமில்லை. ஓர் ஓக்லேயில் முப்பது நாற்பது சாய்சதுரங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, 4 அங்குலச் சதுரங்களால் கட்டில் அகலத்துக்குப் பெரிதாக்கி, சுற்றிலும் ஒரே நிறத்தில் வெறும் இடம் விட்டால், பழைய விரிப்பின் ஒரு மூலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். இப்படி வெற்றிடத்தை உருவத்துக்குச் சமமாக மதிப்பது நவீன குவில்ட்காரர்களின் முக்கியமான இயல்பு. லாஸ் ஏஞ்சலிஸில் 2009-இல் தொடங்கி உலகம் முழுவதும் கிளை பரப்பிய மாடர்ன் குவில்ட் கில்ட் அமைப்பினர் ஒற்றை நிறத் துணி, வெற்றிடம், மாற்றியமைத்த கட்டம் என்று பேசுவதெல்லாம் இதைத்தான். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் பல தலைமுறைகளாகத் தைத்த துணிச்சலான போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தபின், இந்தக் கண்ணோட்டத்துக்கு நாடு முழுவதும் ஆதரவு கூடியது.

பிறகு ஏன் தயக்கம்? எங்கள் வீட்டில் ஓக்லே இல்லை. கொள்ளுப்பாட்டி ஹார்டாங்கரிலிருந்து வரவில்லை, சோக்னிலிருந்தும் வரவில்லை. அழகுக்காக மட்டும் தைப்பதென்றால் இதையே எடுத்திருப்பேன். உங்கள் குடும்பம் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தது என்றால் மேலே படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சதுரங்களை வெட்டத் தொடங்கிவிடலாம்.

வீட்டுத் துணிகளையே வெட்டித் தைப்பது

நினைவுப் போர்வை என்றாலே பலர் இதைத்தான் நினைக்கிறார்கள், நியாயமாகத்தான். தாத்தாவின் சட்டையை விட நெருக்கமான பொருள் எது? ஆனால் எல்லாப் பழந்துணியும் போர்வைக்கு ஆகாது.

மேசை விரிப்பில் கத்தரிக்கோல் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஹார்டாங்கர் வேலையில் துணியின் இழைகளை எண்ணி, சில இழைகளை வெட்டி உருவி, மிஞ்சிய இழைகளைச் சுற்றிப் பின்னியிருப்பார்கள். அந்த வலையை நடுவில் வெட்டினால் தையல் எங்கே நிற்கும்? இயந்திரத்தில் இரண்டு முறை துவைத்தால் கொள்ளுப்பேத்திக்கு மிஞ்சுவது நூல்கற்றைதான். அதை அமிலமற்ற தாளில் சுற்றி மடித்து வைப்பதோ, வெயில் படாத சுவரில் சட்டமிட்டு மாட்டுவதோ செய்யலாம். அதில் பட்டுபோல் மினுங்கும் வெள்ளைத் தையலில் எண்முனை நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு தாளில் படியெடுத்து வைத்திருக்கிறேன், பின்னால் பயன்படும்.

கையுறைகளும் அப்படியே. கம்பளி வெந்நீரும் உருட்டலும் சேர்ந்தால் இறுகிச் சுருங்கிவிடும், பூச்சி அரிக்கும், பின்னல் துணியை வெட்டினால் கண்ணிகள் கழன்று ஓடும். குடியேறிகள் பழைய கம்பளிக் கோட்டுகளை வெட்டிப் போர்வை தைத்தது உண்மைதான். அவை பெரும்பாலும் நெருக்கமாகத் தைக்காமல் ஆங்காங்கே நூல் முடிச்சுப் போட்டு இணைத்த கனத்த போர்வைகள். வெப்பமில்லாத மரவீட்டில் குளிர்காலம் முழுவதும் மேலே கிடந்தவை, அடிக்கடி துவைக்கப்படாதவை. சூடேற்றிய விடுதி அறைக்கு அந்தக் கனம் தேவைப்படாது.

சட்டைகள் வேறு. மாமனார் நாற்பது ஆண்டுகள் உடுத்தியவை பெரும்பாலும் நீலப் பருத்திச் சட்டைகள், சில கட்டம் போட்டவை. பருத்திச் சட்டைத்துணியின் கனமும் குவில்ட்டுக்கென விற்கும் துணியின் கனமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பாலியெஸ்டர் கலந்தது எது என்று பிரித்துவிட வேண்டும். உள்மடிப்பிலிருந்து இரண்டு நூல் உருவி நெருப்புக் காட்டுங்கள்: பருத்தி எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டிமணியாகும். கலப்புத் துணி சூடான இஸ்திரிக்குத் தாங்காது. பக்கத்துத் துண்டு சுருங்கும்போது இது சுருங்காமல் நின்று சுருக்கம் விழும். ஃபிளானல் சட்டைகள் இழுபடுபவை. அவற்றுக்குப் பின்னால் மெல்லிய ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) வைத்து ஒட்டிவிட்டு வெட்டினால் சதுரம் சதுரமாகவே இருக்கும். முழங்கை, கழுத்துப்பட்டை, அக்குள் ஓரங்களை விட்டுவிடுங்கள், இழை தேய்ந்திருக்கும். முதுகுப்பகுதிதான் பொக்கிஷம், ஒரு பெரிய சட்டையின் முதுகிலிருந்து 7 அங்குலச் சதுரம் குறைந்தது ஆறு கிடைக்கும்.

இவ்வளவு சாதகங்கள் இருந்தும், சட்டைகளை மட்டும் சதுரம் சதுரமாக இணைத்தால் கிடைப்பது நல்ல அமெரிக்கப் போர்வை. அதில் நார்வே எங்கே? மாமனார் மினசோட்டாவில் பிறந்தவர், அமெரிக்கக் கடையில் சட்டை வாங்கியவர். அந்தப் போர்வை அவரைச் சொல்லும், கப்பலேறிய பெண்ணைச் சொல்லாது.

செல்பு ரோஜா

கையுறைகளின் பின்புறத்தில் இருக்கும் எட்டு இதழ் ரோஜாவுக்கு ஊர்ப் பெயரே பெயர். 1857-இல் மாரிட் குல்ட்செத் எம்ஸ்டாட் என்ற இளம்பெண் செல்புவின் தேவாலயத்துக்கு இந்தக் கறுப்பு வெள்ளைப் பின்னல் கையுறையோடு வந்தார் என்றும், அதிலிருந்தே ஊர் முழுக்க அது பரவியது என்றும் சொல்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த ஊர்க் குடும்பங்களுக்கு இது வருமானம் தந்த குடிசைத் தொழிலாகவே இருந்தது. இன்று அந்த ஊராட்சியின் சின்னத்திலும் ரோஜாதான். எட்டு முனை உருவம் உலகின் பல நாட்டு நெசவுகளில் உண்டு. செல்பு மட்டுமே கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்துக்கு அது கொள்ளுப்பாட்டி வழியாக, அந்த ஊரிலிருந்து, அந்தக் கையுறையில் வந்தது. எனக்கு அது போதும்.

தைப்பதற்கு எவ்வளவு கடினம் என்று பார்க்கலாம். பின்னலும் கட்டத்தில் நடக்கும் வேலை என்பதால் இந்த ரோஜாவும் கட்டத்துக்கு அடங்கும். ஒவ்வோர் இதழும் ஓர் இணைகரம்: ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் சாய்வாக. 8 × 8 கட்டமாக, மொத்தம் 64 சதுரங்களாகப் பிரித்தால் முழு ரோஜாவும் அதில் உட்காரும். அடுத்தடுத்த இதழ்களுக்கு இரண்டு நிறங்களை மாறி மாறிக் கொடுத்தால் கணக்கு இப்படி வருகிறது: இதழ் நிறத்தில் முழுச் சதுரம் 16 (ஒவ்வொரு நிறத்திலும் 8), பின்னணி நிறத்தில் முழுச் சதுரம் 24, பாதி இதழும் பாதி பின்னணியுமான அரைச் சதுர முக்கோணத் துண்டு 16, இரு இதழ் நிறங்களும் மூலைவிட்டத்தில் சந்திக்கும் துண்டு 8. சாய்வுகள் அனைத்தும் 45 பாகையில் வருவதால், குவில்ட்காரர்களை அச்சுறுத்தும் எண்முனை நட்சத்திரத்தின் உட்செருகு தையல் (மூன்று தையல்கள் ஒரே மூலையில் சந்திப்பது) இங்கே தேவையில்லை. எல்லாம் நேர்வரிசை.

தைத்து முடித்தபின் ஒரு கட்டம் 6 அங்குலம் என்று வைத்தால் ரோஜா 48 அங்குலம். சுற்றிலும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் முழுச் சதுரங்களை 6½ அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். முக்கோணத் துண்டுகளுக்கு 7 அங்குலச் சதுரங்கள் இரண்டை நல்ல பக்கம் உள்ளே வைத்து, மூலைவிட்டக் கோட்டின் இரு புறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் ஒரே முறையில் இரண்டு துண்டு கிடைக்கும். பிறகு 6½ அங்குலத்துக்குச் சீர்செய்துகொள்ளலாம். 24 துண்டுகளுக்கு 12 ஜோடி. சீர்செய்யும் வேலையைத் தவிர்க்காதீர்கள். அரைக்கால் அங்குலப் பிசகு எட்டுக் கட்டத்தில் ஓர் அங்குலமாக வளர்ந்து, இதழ் நுனி நறுக்கியதுபோல் ஆகிவிடும்.

கையுறையில் இதழ்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோட்டையும் தைக்க முடியும், ஆனால் துண்டுகளின் எண்ணிக்கை பெருகிவிடும். இரண்டு நிறம் மாற்றிக் கொடுப்பதாலேயே இதழ்கள் பிரிந்து தெரிகின்றன. வீட்டில் இருவர் கோடு வேண்டும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்ற பக்கம். பெரிதாக்கும்போது சிலவற்றை விட்டுவிடத்தான் வேண்டும்.

ஒரே ரோஜா, நிறைய வெற்றிடம்

என் முடிவு ரோஜாதான், ஆனால் சட்டைகளையும் சேர்த்து. எட்டு இதழ்களில் நான்கு கரிய ஒற்றை நிறத் துணியில்; மற்ற நான்கு மாமனாரின் நீலச் சட்டைகளில். ஒவ்வொரு நிறத்துக்கும் 6½ அங்குலச் சதுரம் 8, 7 அங்குலச் சதுரம் 8 தேவை. ஆகவே மூன்று சட்டை போதும், நான்கு இருந்தால் நிம்மதி. நீலங்கள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுவதை மாற்ற மாட்டேன். கறுப்பின் ஒரே சீரான இறுக்கத்துக்குப் பக்கத்தில் அந்த வேறுபாடுதான் உடுத்தியவரின் உயிரைக் காட்டும். இப்படி உருவம் செல்புவிலிருந்தும் துணி மினசோட்டாவிலிருந்தும் வருகிறது.

அளவு 60 × 90 அங்குலம். 39 அங்குலக் கட்டிலுக்கு இருபுறமும் பத்தரை அங்குலம் தொங்கும். ரோஜாவை நடுவில் வைக்கப்போவதில்லை. இடமும் வலமும் 6 அங்குலம், கால்மாட்டில் 12 அங்குலம், தலைமாட்டில் 30 அங்குலம் விடுகிறேன். தலையணை வைக்கும் இடம் வெறுமையாக இருக்கும், ரோஜா அதற்குக் கீழே கால்மாட்டுப் பக்கம் விரிந்து, இருபுறமும் சற்றே வழிந்து தெரியும். இதே உருவத்தை 12 அங்குலக் கட்டங்களாகச் சிறிதாக்கி முப்பது முறை தைத்தவர்கள் உண்டு, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பழைய பாணிப் போர்வை. ஒற்றை ரோஜாவுக்கு இருக்கும் தைரியம் முப்பதில் இல்லை.

பின்னணி நிறத்தில்தான் அதிக நேரம் செலவழித்தேன். கையுறைக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால் வெளுக்காத கம்பளியின் பால்வெள்ளை. விடுதியில் காப்பி சிந்தும். கரும்பின்னணியில் வெள்ளை ரோஜா என்று திருப்பிப் போட்டால் கறை மறையும், ஆனால் நூல்பொடியும் தலைமுடியும் கறுப்பில் பளிச்சென்று தெரியும், சட்டை நீலமும் அமுங்கிவிடும். கடைசியில் ஓட்ஸ் நிறம் என்று சொல்லத்தக்க வெளிர் பழுப்புப் பருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். 42 அங்குல அகலத் துணியில் பின்னணிக்கு மூன்றரை மீட்டர், கரிய துணி ஒரு மீட்டர் தாராளம்.

கறுப்பும் வெளிர் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால், வெட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் துவைத்து, ஈர வெள்ளைத் துணியால் கறுப்பை அழுத்தித் தேய்த்துச் சாயம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். புதுப் பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். நூறு முறை துவைத்த சட்டை சுருங்காது. முன்பே துவைக்காவிட்டால் ஒரே போர்வைக்குள் இரண்டும் மல்லுக்கு நிற்கும்.

பஞ்சு விரிப்பு என்று வரும்போது கம்பளி விரிப்பு லேசானது, கதகதப்பானது, நார்வேக் கதைக்கும் பொருத்தமானது. ஆனால் பொது இயந்திரம் என்ற நிபந்தனை அதை வீழ்த்திவிடுகிறது. 80 பங்கு பருத்தியும் 20 பங்கு பாலியெஸ்டரும் கலந்த விரிப்பு எந்தச் சலவைக்கும் தாங்கும். நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 68 × 98 அங்குலம் வெட்ட வேண்டும்.

மூன்று அடுக்கையும் இணைக்கும் தையலில் எனக்கு ஒரு ஆசை. வெற்றிடத்தில் 2 அங்குல இடைவெளியில் நேர்கோடுகளை இயந்திரத்தில் ஓட்டுவேன். தலைமாட்டின் 30 அங்குல வெறுமையில் மட்டும், மேசை விரிப்பிலிருந்து படியெடுத்த ஹார்டாங்கர் நட்சத்திரம் ஒன்றைப் பின்னணி நிற நூலிலேயே கையால் ஓட்டுத் தையலிடுவேன். தூரத்திலிருந்து தெரியாது, படுத்திருப்பவளின் விரலுக்குத் தட்டுப்படும். நேரமில்லாதவர்கள் பெரிய சட்டம் கொண்ட இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம். சதுர அங்குலத்துக்கு 2 முதல் 3 சென்ட் என்று கொண்டால் 5,400 சதுர அங்குலத்துக்கு 108 முதல் 162 டாலர் ஆகும். கோடையில் அவர்களிடம் வரிசை நீளும், முன்பதிவு செய்துவிடுங்கள்.

அடித்துணிக்கு 42 அங்குல அகலத்தில் ஐந்தரை கெஜம் வேண்டும், இரண்டு நீளங்களை இணைக்க வேண்டும். இங்கேதான் என் பங்கு. மகள் பாதித் தமிழச்சி. என் அம்மாவின் மதுரைச் சுங்குடிப் பருத்திச் சேலை ஒன்று நன்றாக இருக்கிறது. ரோஜாவின் எட்டு இதழையும் கோலத்தின் எட்டு இதழையும் மேல்துணியில் கலந்து ஒரே உருவமாக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். இரண்டும் தனித்தனி நிலத்தில் வளர்ந்தவை, தனித்தனியாகவே இருக்கட்டும். சேலையிலிருந்து போர்வையின் நீளத்துக்கு ஒரே துண்டு பின்பக்கத்தில் வரும். சேலைப் பருத்தி மெல்லியது என்பதால் அதற்குள்ளே மெல்லிய வெள்ளைப் பருத்தியை ஒரு அடுக்காக வைப்பேன். இல்லாவிட்டால் பஞ்சின் நுண்ணிழைகள் நெசவு வழியே வெளிவரும். சேலையின் அகலம் 46 அங்குலம்தான். மிச்ச அகலத்தை மாமனாரின் கட்டம் போட்ட சட்டைகளால் நீளப் பட்டையாக நிரப்பலாம்.

பின்பக்க மூலையில் ஒரு துணிச்சீட்டு தைக்க வேண்டும். யார் தைத்தது, யாருக்கு, எந்த ஆண்டு என்பதோடு கொள்ளுப்பாட்டியின் பண்ணைப் பெயரையும் எழுதுவேன். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நார்வேயில் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமில்லை. தந்தை பெயரோடு வாழும் பண்ணையின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள், பண்ணை மாறினால் பெயரும் மாறும். கப்பலேறியவர்கள் பலர் கடைசியாக விட்டுவந்த பண்ணையின் பெயரையே அமெரிக்காவில் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். எந்தப் பண்ணை என்பதை நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பதிவுகளிலும், ஊருக்கு ஊர் எழுதப்பட்ட பண்ணை வரலாற்று நூல்களிலும் தேடிப் பார்க்கலாம். துணி வாங்குவதற்கு முன் இந்தத் தேடலைச் செய்துவிடுங்கள். குடும்பம் செல்பு என்று நினைத்துக்கொண்டிருந்து, பதிவேடு ஹார்டாங்கர் என்று சொன்னால், ரோஜாவை விட்டுவிட்டு ஓக்லேயின் சதுரங்களுக்குப் போக அப்போதும் நேரம் இருக்கும்.